ஞாயிற்றுக்கிழமை நர்ஸ்

நர்ஸ் வேலையில் நோயாளியைக்கூடச் சமாளித்துவிடலாம், ட்யூட்டி லிஸ்டைச் சமாளிக்க முடியாது. கால் வீங்க வார்டில் நடந்த உங்களுக்கு இதை நான் சொல்லவா வேண்டும்?

எழுந்து நின்றேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியிலிருந்து வந்து ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஊரில் டாக்டர் வார்டுக்குள் நுழைந்தால் நர்ஸ்கள் சட்டென்று எழுந்து நிற்போம். இங்கேயும் நின்றேன். டாக்டர் "தேங்க் யூ" என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரே வாரத்தில் அந்த மாடியிலிருந்த டாக்டர்கள் எல்லாரும் என் மேஜையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நான் சுவரோரம் நின்றே எழுதினேன். பக்கத்து மேஜை டெபி அக்கறையாக விசாரித்தாள்: "ஸ்டெல்லா, உனக்கு மூலமா?"

எதுவானாலும் சரி

தலைமை நர்ஸ் பார்பரா, "உனக்கு எந்த நாள் லீவு வேண்டும்?" என்று கேட்டார். விருந்துக்குப் போன வீட்டில் காபியா டீயா என்று கேட்டால் என்ன சொல்வோம்? அதையே சொன்னேன், "எதுவானாலும் சரி." நம் ஊரென்றால் மூன்று தரம் வற்புறுத்துவார்கள். அந்தம்மா இரண்டாம் தரம் கேட்கவே இல்லை. ஞாயிறெல்லாம் எனக்கும், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த லூர்துக்கும் ட்யூட்டி. இங்கேயே பிறந்தவர்களுக்கு வாயும் இருந்தது, ஞாயிறும் இருந்தது.

ஞாயிறு பூசைக்கு மாதா கோயிலுக்குத் தனியாகப் போய்வந்த என் கணவர் சேவியர் சொன்னார்: "ஸ்டெல்லா ஊருக்குப் போயாச்சான்னு கோயில்ல எல்லாரும் கேக்குறாங்க. எக்ஸ்ப்ளெயின் பண்ணி முடியல, ஆமான்னுட்டேன்."

புதுநன்மை

மகள் ரீனா முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு ட்யூட்டி. "அம்மா, ஜஸ்ட் ஆஸ்க் ஹர்" என்றாள். சுலபமாகச் சொல்லிவிட்டாள்! வேலை போனால்? க்ரீன் கார்டு? மூன்று நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று ராஜினாமாக் கடிதத்தையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பார்பராவிடம் போய், "மகளுக்குப் புதுநன்மை, அந்த ஞாயிறு என்னால் வர முடியாது. எனக்கும் லூர்துக்கும் மற்றவர்களைப் போல ஞாயிறு லீவு வேண்டும்" என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. அந்தம்மா நிதானமாக ரப்பரை எடுத்து அந்த ஞாயிறு ட்யூட்டி லிஸ்டில் என் பெயரை அழித்தார். "இனி எல்லாருக்கும் முறை வைத்துப் போடுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் ஞாயிறு வேலைதான் பிடிக்கும் என்றல்லவா நினைத்தேன்?"

ஊசி போடக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது, "முடியாது" என்று சொல்லக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம்.