கைக்கு வந்த கிளச்

எங்கள் முற்றத்துக்கு அந்தப் பிக்கப் வந்து இறங்கிய அன்று, அதை வாகனம் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். பூவரசங்குளத்தில் ஒருவருடைய பின்வளவில், தேக்கமரத்தின் கீழே பல மாரிகளைக் கண்டு நின்ற வண்டி. சில்லுகள் பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தன. சாரதி ஆசனத்தில் ஒரு கோழி அடை கிடந்தது. அந்தக் கோழி எழும்பும்வரை பொறுத்திருந்து, எங்களுடைய நாம்பன் மாடொன்றைக் கொடுத்து வண்டியை மாற்றி எடுத்து, லொறியில் ஏற்றி உடையார்கட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"நல்ல மாட்டைக் குடுத்திட்டு எலும்புக்கூட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள். மாடெண்டால் சாணியெண்டாலும் போட்டிருக்கும்."

"இது ஓடும்," என்றேன்.

"ஓடட்டும். ஆர் ஓட்டுறது?"

அதுதான் கேள்வி. நான் முந்திச் சாரதி. முல்லைத்தீவுக் கரையிலிருந்து கிளிநொச்சிக்கு மீன் ஏற்றும் பிக்கப் ஓடியவன். அந்த ஓட்டத்தில்தான் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணான இவளைக் கண்டதும், கலியாணம் முடித்த கையோடு முதலாளியின் பிக்கப்பில் முன்னால் இருத்திக் கூட்டிவந்ததும். கடைசிச் சண்டையில் என் இடதுகால் முழங்காலுக்கு மேலோடு போனது. அதற்குப் பிறகு கிளச் மிதிக்கக் காலில்லை. பேருந்தில் போனேன், மற்றவர்களின் மோட்டார் சைக்கிளில் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். வயல் வேலைக்கு இரண்டு சில்லு உழவு இயந்திரமொன்று வைத்திருந்தேன். பெட்டி பூட்டி, அதில் இருந்தபடி நெல்லும் விறகும் ஏற்றி இழுப்பேன். ஆனால் அதை ஓடுவதையெல்லாம் நான் ஓட்டம் என்று கணக்கில் எடுத்ததேயில்லை. சத்தம் போடும் மாட்டுவண்டி அது, அவ்வளவுதான்.

"நான்தான் ஓட்டுவன்," என்றேன் அவளிடம். "பழையபடி, எல்லாரும் ஓடுறமாதிரி, காலால கிளச் மிதிச்சு ஓட்டுவன். ஏலாட்டில் பழைய இரும்பு எடுக்கிறவனைக் கூப்பிட்டுக் குடுத்திடுவன். வேற ஒருத்தன் இதில ஏறி ஓட, நான் பக்கத்தில இருந்து வேடிக்கை பாக்கமாட்டன்."

"அச்சா. அப்ப மாடும் இல்லை, வண்டியும் இல்லை," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாடைக்காற்றுக் காலத்தில் கடல் எழும்பிவிட்டால் எங்கள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி நிச்சயம். மனைவியின் தம்பி, என் மச்சான். படகில் பிறந்து படகிலேயே வளர்ந்தவன். அவன் பேசினால் அடுத்த வளவுக்குக் கேட்கும். காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய தொண்டை. அந்த முறை வரும்போது, பைபர் படகு ஒட்டுகிற துணியும் பிசின் வாளியும் கொண்டுவந்தான்.

"அத்தான், எஞ்சின் உங்கட பாடு. உடம்பை என்னட்ட விடுங்கோ. இந்தத் தகரம் எல்லாம் துருப்பிடிச்சுப் பப்படமாப் போச்சு. வெட்டி எறிஞ்சிட்டுப் பைபர் அடிச்சு விட்டனெண்டால், உங்கட பேரப்பிள்ளையும் ஓடலாம்."

எஞ்சினைத் திறந்தபோது எனக்கே கண் கலங்கியது. பக்கத் தகட்டில் ஒரு சின்னத் தகர டப்பா, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். பெற்றோலுக்குத் தடை இருந்த போர்க்காலத்தில் வன்னியில் ஓடிய வாகனங்களுக்கெல்லாம் இருந்த ஏற்பாடு. டப்பாவில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, அதில் எஞ்சினை எழுப்பி, எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். கறுப்புப் புகையும், கண்ணெரிவும், நடுரோட்டில் நின்றுவிட்டால் வாயால் குழாயை உறிஞ்சுவதும் என்று எவ்வளவு பாடுபட்டோம்! மச்சானுக்கு ஒரே சிரிப்பு. "எங்கட படகு எஞ்சினும் மண்ணெண்ணெய்தானே அத்தான். இவன் எனக்குச் சொந்தக்காரன்," என்று எஞ்சினைத் தட்டிக்கொடுத்தான். அந்த டப்பாவைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. துடைத்து அப்படியே விட்டேன்.

இரண்டு பேரும் மாமரத்தின் கீழே தறப்பாள் கட்டி வேலை செய்தோம். நான் எஞ்சினைப் பிரித்துப் பூட்டினேன். அவன் வெட்டினான், ஒட்டினான், தேய்த்தான், பாட்டுப் பாடினான். முதலில் பின்பெட்டியை முடித்தான். படகுக்கு அடிக்கிற நீல நிறத்தையே பூசினான். பார்க்க நல்ல வடிவாகத்தான் இருந்தது. அன்று பின்னேரம் மழை அடித்து ஊற்றியது. விடிய எழும்பிப் பார்த்தால் பெட்டி முட்டத் தண்ணீர்! ஒரு சொட்டு வெளியே போகவில்லை. வண்டி, பாவம், பின்பக்கம் குந்திக்கொண்டு நின்றது.

"டேய், தண்ணி போறதுக்கு ஓட்டை விடேல்லையோ?"

"ஓட்டையோ? ஓட்டை விட்டால் தாழுமே அத்தான்," என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் நிற்பது தரையில் என்று அவனுக்கு உறைத்தது. மனைவி சிரித்த சிரிப்பு இப்போதும் காதுக்குள் நிற்கிறது. "இனிக் கிணத்தடிக்குப் போகத் தேவையில்லை, இதுக்குள்ளையே உடுப்புத் தோய்க்கலாம்," என்றாள். பிறகு நான்கு மூலையிலும் துளையிட்டுத் தண்ணீரை விட்டோம்.

இதற்கிடையில் நான் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்கொட்டிலின் பின்னால் ஒரு கதிரையைப் போட்டு, பலகையொன்றில் ரியூப் பட்டியை இறுக்கி, கிளச் பெடல்மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தேன். பொய்க்காலை இடுப்பால் தூக்கி அதில் வைத்து அழுத்திப் பழகுவேன். அழுத்தும்; ஆனால் எவ்வளவு அழுத்துகிறது என்று எனக்குத் தெரியாது. விடும்போது படாரென்று விட்டுவிடும். கிளச்சை அப்படி விட்டால் வண்டி முயல்போலப் பாயும். பழகப் பழக வரும் என்று பிடிவாதமாய் அழுத்தினேன். தொடைத் தோல் உராய்ந்து எரிந்தது. நோகிறது என்று சொன்னால் 'விட்டிட்டு வேலையைப் பாருங்கோ' என்பாள். அதனால் வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆசனத்தடித் தளம் முழுக்க உக்கிப் போயிருந்தது. கீழே குனிந்து பார்த்தால் புல் தெரியும். அந்தப் பழைய வண்டியில் பெடல்கள் தளத்து ஓட்டைகளுக்குள்ளால் எழும்பி நிற்பவை. பிரேக்குக்கு ஓர் ஓட்டை, கிளச்சுக்கு ஓர் ஓட்டை. பெடல்களைக் கழற்றி, தளத்தை மச்சானிடம் விட்டுவிட்டு, பிரேக் சாமான் தேடி நான் கிளிநொச்சிக்குப் போனேன். திரும்பி வரும்போது தளம் முடிந்திருந்தது. தடவிப் பார்த்தேன், கண்ணாடிமாதிரி வழவழப்பு. இடது பக்கம் கையைக் கொண்டுபோனேன். கிளச் ஓட்டையைக் காணவில்லை. மூன்று படை துணி போட்டு, பிசின் ஊற்றி, கல்லாய் இறுகி அடைபட்டுக் கிடந்தது.

எனக்கு வந்ததே கோபம்! கையில் இருந்த நட்டுக் கழற்றும் சாவியை வீசி எறிந்தேன், அது போய் வாளியில் அடித்தது.

"கோதாரி விழுவானே! என்னடா செய்து வைச்சிருக்கிறாய்? கிளச் ஓட்டையை அடைச்சிட்டியேடா!"

"ஓட்டை கண்டால் அடைக்கிற கை அத்தான் இது," என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "பழக்கதோசம்."

"இது கடலோடா? உன்ர படகோ? ரோட்டில திமிங்கிலமோ வரப்போகுது?"

கத்தினேன், காறித் துப்பினேன். 'இண்டைக்கே இரும்புக்காரனைக் கூப்பிடுறன்' என்று தொலைபேசியைக்கூட எடுத்தேன். வெட்டித் திறக்கலாம்தான், ஆனால் தளம் வெடித்தால் முழு வேலையும் வீண். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த நேரம் எனக்கு மட்டுக்குக்கூடப் புத்தி இருக்கவில்லை. மச்சான் பேசாமல் நின்றான். அவன் பேசாமல் நின்றதை நான் அதற்கு முதல் கண்டதேயில்லை.

மனைவி அரிசி புடைத்த சுளகோடு வெளியே வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. வேலியோரம் நின்ற உழவு இயந்திரத்தைச் சுளகால் காட்டினாள்.

"இஞ்சாருங்கோ, உந்த மெசினை என்னெண்டு ஓட்டுறியள்?"

"என்னெண்டெண்டால்? ஓட்டுறதுதான்."

"கிளச்சைக் காலாலையோ பிடிக்கிறியள்?"

நான் திரும்பி அந்த மெசினைப் பார்த்தேன். அந்த இயந்திரத்தின் கிளச் ஒரு கைத்தடி. இழுத்தால் இழுத்த இடத்தில் நிற்கும். கியரை மாற்றிவிட்டு மெல்ல மெல்ல விட்டால், பூப்போலப் புறப்படும். எத்தனையோ போகம் அதைக் கையால் இழுத்து விட்டவன் நான். இருட்டிலும் விடுவேன், சேற்றிலும் விடுவேன். எங்கே பிடிக்கிறது, எவ்வளவு பிடிக்கிறது என்று என் உள்ளங்கைக்குத் தெரியும்.

"கையில வெண்ணெயை வைச்சுக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலையிறியள்," என்று சொல்லிவிட்டு அவள் மீண்டும் புடைக்கப் போய்விட்டாள்.

பிறகென்ன? புதுக்குடியிருப்பில் பழைய சாமான் குவியலுக்குள் ஓர் உழவு இயந்திரக் கைத்தடியைத் தேடிப்பிடித்து, கியர்க் கம்புக்குப் பக்கத்தில் பூட்டினேன். முதலில் கம்பிவடம் போட்டோம், இழுத்த இழுப்பில் அறுந்தது. இரும்புக் கம்பி கொடுத்து ஒட்டினோம், நின்றது. வலது கையில் சுக்கான், இடது கையில் தடியும் கியரும், வலது காலுக்குப் பிரேக்கும் வேகமும். இடது காலுக்கு ஒரு வேலையும் இல்லை. அது சும்மா வந்தால் போதும்.

பிரேக் பெடலைத் திரும்பப் பூட்டக் குனிந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். பிரேக் ஓட்டை அப்படியே இருந்தது. அடைக்காதது மட்டுமில்லை, அதன் விளிம்பை அரத்தால் தேய்த்து, உள்ளே தூசி வராமல் தோல்பட்டியும் வைத்திருந்தான். கண்ட ஓட்டையெல்லாம் அடைக்கிற கை, இதை மட்டும் எப்படி விட்டது?

"டேய், இஞ்ச வா. இதை ஏன் அடைக்கேல்லை?"

எட்டிப் பார்த்தான். பிடிபட்டுவிட்ட முகம். பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, தாடையால் குசினிப் பக்கம் காட்டினான். "என்னைக் கேளாதேங்கோ. அக்காவைக் கேளுங்கோ."

நான் அப்போது கேட்கவில்லை. கேட்கவும் ஒருமாதிரி இருந்தது.

முதல் ஓட்டம் வயல்வரம்புப் பாதையில். நான் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்தேன். மச்சான் தன் பங்குக்கு மாதா கோயிலில் இருந்து போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தான். "ரெண்டு பக்கமும் ஆள் வைச்சாச்சு, இனி ஓடாட்டில் உங்கட பிழைதான்," என்றாள் மனைவி. முதல் தரம் நின்றுவிட்டது. இரண்டாவது தரம் துள்ளி நின்றது. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம், பாதை சரியில்லை எண்டு சொல்லிப்போடாதேங்கோ," என்று வரம்பில் நின்று கத்தினாள். மூன்றாவது தரம் கண்ணை மூடினேன். உழவு இயந்திரத்தை நினைத்துக்கொண்டு, கையை விட்டேன். தேசிக்காய் நசிந்தது தெரிந்தது. வண்டி போனது. வாய்க்கால்வரை போய், திருப்பி, வந்தேன். இறங்கும்போது என் முகம் முழுக்க ஈரம். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, தீர்த்தம் கூடிப்போச்சு என்றான்.

பிறகு வவுனியாவுக்குக் கொண்டுபோய், வாகனத்தைக் காட்டி, ஓடிக்காட்டி, அனுமதியும் எடுத்தோம். பாதையில் ஓடத்தொடங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, "எங்க போவம்?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவேயில்லை. "கரைக்கு," என்றாள்.

கலியாணத்தன்று முன்னால் ஏறியவள், அதற்குப் பிறகு நான் ஓட அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்தாள். புதுக்குடியிருப்பு தாண்டும்வரை யன்னலால் பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கதையை நான்தான் தொடங்கினேன்.

"அந்த ஓட்டையை அடைக்கச் சொன்னது நீரோ?"

"ஓம்."

"ஏன்?"

"பொய்க்காலுக்குள்ள நீங்கள் சுத்திற சீலையை ஆர் தோய்க்கிறது? நான்தானே. ஒவ்வொரு நாளும் தண்ணி சிவப்பாப் போகுது. கொட்டிலுக்குப் பின்னால என்ன செய்யிறியளெண்டு எனக்குத் தெரியாதே? நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னால் நிப்பாட்டியிருப்பியளே?"

நிப்பாட்டியிருக்கமாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத்தான் சொன்னேன். வண்டியை விற்கச் சொல்லியிருக்கலாம் அவள். அழுதிருக்கலாம். என்னை அடக்கி ஒரு மூலையில் இருத்தியிருக்கலாம். அவள் என்னுடைய ஓட்டத்தை நிறுத்தாமல், ஓர் ஓட்டையை மட்டும் நிறுத்தினாள். அவளுக்காக என்னிடம் ஏச்சு வாங்கினான் அவள் தம்பி, வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றான். எனக்கு வாயால் நன்றி சொல்ல வராது. அன்றும் வரவில்லை. "நல்ல வேலை செய்தனீர்," என்று மட்டும் சொன்னேன்.

 அவள் கைத்தடியில் இருந்த என் இடது கையின்மேல் தன் கையை வைத்தாள். கடற்காற்று உள்ளே வரத் தொடங்கியிருந்தது. முன்னால் பாதை வளையும் ஒரு முடக்கு வந்தது. கியரைக் குறைக்க வேண்டும், குறைக்கத் தடியை இழுக்க வேண்டும். கையை எடும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதே கியரில் முடக்கில் இறங்கினேன். எஞ்சின் முக்கியது.

"கியரை மாத்துங்கோ, பாவம், அழுகுது," என்றாள்.

சொன்னாளே தவிரக் கையை எடுக்கவில்லை. நான் அவளுடைய கையோடு சேர்த்தே தடியை இழுத்தேன்.