அடங்கலில் ஏறாத பெயர்

குருவிகுளத்துக்குத் தெற்கே மூன்று ஏக்கர் கரிசலை மாடத்தி ஒன்பது வருடமாகக் குத்தகைக்குப் பயிர் செய்து வந்தாள். நிலம் சங்கரன்கோவிலில் இரும்புக்கடை வைத்திருக்கும் விஜயராஜுடையது. எல்லாம் வாய்ப்பேச்சுதான், காகிதம் எதுவும் கிடையாது. புருஷன் திருப்பூர் மில்லுக்குப் போய்விட்டதால் விதைப்பும் களையெடுப்பும் காவலும் அவள் ஒருத்தி பாடு.

தை பிறந்து, அறுக்க நாள் பார்த்திருந்த மக்காச்சோளத்தில் நான்கு நாள் விடாமல் மழை அடித்தது. பயிர் சாய்ந்து கதிரிலேயே முளை கட்டிவிட்டது. கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர் விஜிதா, சேற்றில் மாடத்தியை நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

வைகாசியில் நிவாரணப் பணம் வந்தது, விஜயராஜின் வங்கிக் கணக்குக்கு.

"எந்த நெலத்துல யாரு பயிர் வச்சான்னு அடங்கல்ல எழுதணும். அதுல ஓனர் பேருதான் இருக்கு, அக்கா," என்றாள் விஜிதா. "குத்தகைக்கு விட்டிருக்கேன்னு அவரு எழுதிக் குடுத்தாத்தான் உங்க பேரை ஏத்த முடியும்."

மாடத்தி நேரே கடைக்குப் போனாள். விஜயராஜ் மறைக்கவில்லை.

"பத்தாயிரம் வந்திருக்கு. பாதியை நீ வச்சுக்கோ."

"பணம் இருக்கட்டும், அண்ணாச்சி. வார வருசத்துக்காவது என் பேரை எழுதிக் குடுங்க."

"அது மட்டும் கேக்காத. பேரு ஏறிட்டா அப்புறம் நெலத்தை விட்டு எறங்க மாட்டாவ."

"ஒம்பது வருசத்துல ஒரு தவணை பாக்கி வச்சிருக்கனா?"

"உன்னைச் சொல்லல, மாடத்தி. ஊரு அப்படி இருக்கு."

அவர் நீட்டிய ஐயாயிரத்தை அவள் வாங்கவில்லை. அன்றைக்கே வாங்கியிருந்தால் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தென்காசிக்குப் பஸ் ஏறிக் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாள். ஆவணியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். விஜயராஜ் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கூலிக்கு வந்த பொம்பளை, சார். பயிர் வச்சது நான்தான்."

சாட்சி உண்டா என்றார் அதிகாரி. மாடத்தி தங்கசாமியை அழைத்து வந்திருந்தாள். தினமும் அந்த வயலோரம் ஆடு பத்திப் போகிறவன். அறுப்பு முடிந்ததும் சோளத்தட்டையை அவன் ஆடுகளுக்கென்று அவள் விட்டுவைப்பது வழக்கம்.

தங்கசாமி தரையைப் பார்த்தான். "ஆட்டுக்குப் பின்னால போறவன், சார். யாரு வெதைச்சாவ, யாரு அறுத்தாவன்னு எனக்கென்ன தெரியும்."

மனு தள்ளுபடியானது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

புரட்டாசி முதல் மழைக்குப் பிறகு அந்த வழியாகப் போனவள் நின்றுவிட்டாள். நிலம் உழுது கிடந்தது. விதை ஊன்றிக்கொண்டிருந்தவன் தங்கசாமி. அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"எனக்கும் மூணு புள்ளைய இருக்கு, மதினி."

வாயில் வந்த வசவையெல்லாம் அடக்கிக்கொண்டு, "நீயாவது எழுதி வாங்கினியா?" என்று கேட்டாள்.

அவன் இல்லையென்று தலையசைத்தான்.

அந்த வாரமே பனவடலிசத்திரம் பக்கம் ஒரு வாத்தியாரின் இரண்டு ஏக்கர் சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். எழுதித் தருவீர்களா என்பதைத்தான் முதலில் கேட்க நினைத்திருந்தாள். அவர் குத்தகையைச் சொல்லி, "தை மாசம் குடுத்துரு, என்ன?" என்றார். மேற்கே வானம் கறுத்து வந்தது. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும்.

"சரி, சார்," என்றாள் மாடத்தி.