களியை மென்ற சிப்பாய்

நான் படித்தது முழுக்கக் கன்னடப் பள்ளியில். அப்பாவும் அம்மாவும் தமிழர்கள் நிறைந்த மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள்; வீட்டில் தமிழ் பேச்சோடு சரி. கல்யாணத்துக்குப் பிறகு, கணவரின் அலமாரியிலிருந்த சரித்திர நாவல்களை எழுத்துக் கூட்டித்தான் தமிழ் வாசிக்கப் பழகினேன். முதல் நாவலை முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. இப்போது ஐந்நூறு பக்கம் ஒரு வாரத்துக்குத் தாங்காது.

வேலை, ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்ப்பது. சட்டையைப் புரட்டி, விட்டுப்போன தையலைத் தேடிப் பழகிய கண் புத்தகத்திலும் சும்மா இருப்பதில்லை. படித்து முடித்ததும் ஒரு வாசகர் தளத்தில் விமர்சனம் எழுதுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு தடித்த நாவல் படித்தேன். அதில் மைசூர்ப் படைச் சிப்பாய் ஒருவன் காவிரிக்கரையில் உட்கார்ந்து ராகிக் களியை மென்று மென்று தின்கிறான். கோட்டை முற்றுகையை அவ்வளவு அருமையாக எழுதியவர் இங்கே சறுக்கிவிட்டார். நல்லதையெல்லாம் பாராட்டிவிட்டுக் கடைசியில் எழுதினேன்: "மைசூர்ப் பக்கத்துச் சிப்பாய் களியை மெல்ல மாட்டான். உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவான். மென்றிருந்தால், ஒற்றன் என்று தளபதி அங்கேயே பிடித்திருப்பார்."

பத்து நாள் கழித்து, தளத்தின் வழியாக என் எண்ணைக் கேட்டு வாங்கி, எழுத்தாளரே பேசினார்.

"மேடம், நீங்க சரித்திரப் பேராசிரியரா?"

"இல்லைங்க சார். கார்மெண்ட்ஸ்ல செக்கிங்."

ஆலைக்காரி குறை சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

"நான் தஞ்சாவூர்க்காரன். களி சாப்பிட்டதே கிடையாது. அடுத்த நாவலும் உங்க ஊர்ப் பக்கந்தான். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுச் சொல்வீங்களா?"

அவர் அப்படிக் கேட்டதைக் கணவரிடம் அன்று நாலு முறை சொன்னேன்.

கட்டுக்கட்டாகக் காகிதம் வந்தது. மாலை வேளைகளில் மகளுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டே பென்சிலால் குறித்தேன். கல்லூரியில் படிக்கிற அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஒருநாள் நடுவில் நிறுத்தினாள்.

"ஸ்வல்ப இரும்மா. சண்டை அமாவாசையிலதானே நடந்துச்சு?"

"ஆமா."

"மூணே நாள்ல ராணி முழுநிலா வெளிச்சத்துல ஆத்தைத் தாண்டறா. அது எப்படி?"

பக்கங்களைத் திருப்பினேன். அவள் சொன்னது சரி. அந்த அத்தியாயத்தை நான் இரண்டு முறை படித்திருந்தேன். எழுதியவர் எத்தனை முறை படித்தாரோ. எழுதி அனுப்பினேன். ராணியை அவர் இருட்டிலேயே ஆற்றைக் கடக்க வைத்தார். காட்சி முன்னைவிட நெஞ்சை அடைத்தது.

நாவல் வெளிவந்ததும் தளத்துக்காரர்கள் விமர்சனம் கேட்டார்கள். முடியாது என்றுவிட்டேன். என் பென்சில் பட்ட புத்தகத்தை நானே எப்படி எடைபோடுவது?

மகள் தன் கல்லூரி இதழுக்குக் கன்னடத்தில் எழுதினாள். இந்த நாவலில் ஒரு நிலவை அணைத்தவள் நான், அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள் என்பது அதன் முதல் வரி. கதையைப் புகழ்ந்துவிட்டு, கடைசி நூறு பக்கம் வெறும் இழுவை என்று தயவில்லாமல் முடித்திருந்தாள். ஒரு வார்த்தைகூட மழுப்பாமல் அதைத் தமிழாக்கி, 'என் மகள் எழுதியது' என்று மேலே குறித்து, எழுத்தாளருக்கு நானே அனுப்பி வைத்தேன்.