வெர்னன் டுடாஷும் இரவல் டிரம்ஸும்

என் தாயின் தம்பி வெர்னன் டுடாஷ் 1948ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலம் டொலீடோ நகரின் கிழக்குப் பகுதியில், ஹங்கேரியக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1968 முதல் 1973 வரை ‘காப்பர் ஹெரன்’ என்னும் ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தார். பின்னர் கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மனைவி மார்லீன். பிள்ளைகள் இல்லை. 2009இல் பெரிய ஏரிகள் வட்டார ராக் புகழ் மன்றத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. இவற்றில் ஐயத்துக்கு இடமில்லை.

அவருக்கு முன் அந்தக் குழுவில் வாசித்தவர் லாயிட் ஓரோஸ். குழு பிறந்ததே லாயிடின் தகப்பனார் கராஜில்தான். 1968இல் லாயிடுக்கு ராணுவ அழைப்பு வந்தது. வியட்நாமுக்குப் புறப்படுமுன் தம் டிரம்ஸை விற்காமல் பள்ளித் தோழர் வெர்னனிடம் விட்டுச் சென்றார். இரண்டு தெரு தள்ளி வசித்த வெர்னனுக்குச் சொந்தமாக டிரம்ஸ் வாங்க வசதி இல்லை. போருக்குப் போகிறவன் தன் இடத்தை நண்பனிடம் ஒப்படைப்பதும், திரும்பியதும் கேட்டு வாங்கிக்கொள்வதும் அன்றைய இசைக்குழுப் பையன்களிடையே எழுதப்படாத வழக்கம்.

“வந்து வாங்கிக்கிறேன்டா. கிழிச்சு வெச்சிராத.”

“போடா. உன் இடம் உன்னோடது.”

போகுமுன் லாயிட் தாம் உருவாக்கிய ஒரு தாளத்தையும் கற்றுக்கொடுத்தார். பாட்டு தொடங்குமுன் டிரம்ஸ் மட்டும் தனியே வரும் பதினாறு அடிகள் அவை. மறுவருடம் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டில் வெர்னன் அதை வாசித்தார். இன்றும் வானொலியில் அந்தப் பாட்டு வந்தால், ஒஹாயோவில் கார் ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கில் அதைத் தட்டாமல் இருப்பதில்லை.

1970இல் லாயிட் திரும்பி வந்தபோது பாட்டு நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது. “இந்தச் சுற்றுப்பயணம் முடியட்டும்,” என்றார் வெர்னன். அதன் பிறகு அடுத்த பயணம் வந்தது. லாயிட் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். மூன்றாண்டுகள் கழித்து, ஒத்திகைக்குச் சென்ற வெர்னன் மேடையில் வேறொருவருடைய டிரம்ஸ் பூட்டப்பட்டிருக்கக் கண்டார். குழுத் தலைவரும் பாடகருமான டென்னி ராட்கே அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த அவமானத்தை என் மாமா எங்களிடம் நூறு முறையாவது சொல்லியிருப்பார். லாயிடைப் பற்றி ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

2009 வசந்தத்தில் டென்னி தொலைபேசியில் அழைத்தார். மன்றம் குழுவைத் தேர்ந்தெடுத்திருந்தது. ஆனால் ஐந்து பெயர்களுக்கு மேல் ஏற்பதில்லை என்பது மன்றத்தின் விதி. டிரம்ஸுக்கு ஒரே ஒரு பெயர். லாயிடின் மகள் பாலா தன் தகப்பனார் பெயரையும் அனுப்பியிருந்தாள். “மன்றத்துலேர்ந்து ஒரு அம்மா கூப்பிடுவாங்க வெர்ன். அந்தத் தாளம் யாரோடதுன்னு கேப்பாங்க. நீ சொல்றதுதான் முடிவு. எனக்கு எதுனாலும் சரி,” என்றார் டென்னி. தம் மறதியைப் பற்றி எப்போதும் பெருமையாகப் பேசுகிறவர் அவர்.

மன்றத்தின் அழைப்பு ஒரு ஞாயிறு மதியம், திருப்பலி முடிந்து நாங்கள் கோழி பாப்ரிகாஷ் உண்டுகொண்டிருந்தபோது வந்தது. மாமாவுக்குக் காது மந்தமாதலால் ஒலிபெருக்கியைப் போட்டார். மேசையில் இருந்த நால்வரும் கேட்டோம்.

“லாயிட் ஓரோஸ்னு ஒருத்தரப் பத்திச் சொல்றாங்க சார். அவர் குழுவுல இருந்தாரா?”

“லாயிடா?” மாமா வாயைத் துடைத்துக்கொண்டார். “நல்ல பையன். கராஜ் அவங்க அப்பாவோடது. வந்து உக்காந்து கேப்பான்.”

“அந்த ஆரம்பத் தாளம்?”

“என்னோடது.”

மார்லீன் கரண்டியைக் கீழே வைத்தார். “வெர்ன்.”

“என்ன வெர்ன்? ஆறிடும், சாப்பிடு.”

மாமா பெயர் தேர்வான செய்தி பத்திரிகையில் வந்த வாரம், கிழக்குப் பகுதியில் கறிக்குழம்பு ஊற்றிய ஹாட் டாக் விற்கும் கடையில் இருவரும் எதிர்ப்பட்டனர். நான் மாமாவுடன் இருந்தேன். லாயிட் தனியே அமர்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். இரண்டு முட்கரண்டிகளை எடுத்து, அந்தப் பதினாறு அடிகளையும் மேசைமேல் தட்டினார். அறுபதைத் தாண்டிய விரல்கள். ஓர் அடியும் பிசகவில்லை.

கடை முழுவதும் கைதட்டியது. “அட, காப்பர் ஹெரன்!” என்று கத்தினார் கல்லாவில் இருந்தவர். “நல்லாத்தான் தட்டுறீங்க பெரியவரே! ஆனா அத உண்டாக்கின ஆளு அதோ நிக்கிறாரு பாருங்க. வெர்ன், இவருக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பேனாவை வாங்கிக் காகிதக் கைத்துண்டில் கையெழுத்திட்டு லாயிடின் தட்டருகே வைத்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன், ஆகவே எழுதுகிறேன்.

லாயிட் அதைப் படித்தார். “சொந்தப் பேருதான போட்டிருக்க? அதுவரைக்கும் பரவால்ல,” என்று சொல்லி, அதில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

விழா அக்டோபரில், சாண்டஸ்கி நகரில் நடந்தது. பெயர் பொறிக்கப்பட்டவர்கள் சேர்ந்து தங்கள் பாட்டை வாசிப்பது அங்கே மரபு. மாமா ஆறு வாரம் பயிற்சி செய்திருந்தார். மேடையின் பக்கவாட்டில் டென்னி அவர் கையில் சலங்கைத் தகடுகள் கோத்த ஒரு வளையத்தை, டாம்பரினை, கொடுத்தார்.

“இது எதுக்கு?”

“குலுக்கத்தான். டிரம்ஸ் என் மருமகன் வாசிப்பான்.”

“டென்னி, அது என் தாளம்டா.”

“யாரு இல்லன்னா? சுவர்ல உன் பேருதான் இருக்கு. முட்டி தாங்காதுப்பா உனக்கு. டிவிக்காரங்க வேற வந்திருக்காங்க. அந்த ஓரமா நில்லு, லைட்டு மறைக்காம.”

முப்பது வயதுப் பையன் அந்தப் பதினாறு அடிகளை வாசித்தபோது அரங்கம் எழுந்து நின்றது. மாமா ஓரத்தில் நின்று டாம்பரினைக் குலுக்கினார். அவர் அருகே ஒலிவாங்கி வைக்கப்படவில்லை. பதிவைப் பலமுறை கேட்டுவிட்டேன். அவர் வாசித்த எதுவும் அதில் இல்லை.

மறுமாதம் பாலா மாமா வீட்டுக்கு வந்தாள். உறுப்பினர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னாலே பெயரைத் திருத்திவிடுவோம் என்று மன்றம் அவளிடம் கூறியிருந்தது. “அப்பாவுக்கு ஈரல்ல புத்துநோய், மாமா. உங்க பேர எடுக்கச் சொல்லல. அவரு பேரையும் சேத்துச் சொல்லுங்க, போதும்.”

“ஒரு பேருக்குத்தான் இடம்மா.”

“டாம்பரினுக்கா?”

மாமா கதவைச் சாத்தவில்லை. “பாக்கலாம்,” என்றார். அவள் போனபின் மார்லீன் தொலைபேசியை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். அவர் அதை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார்.

லாயிட் ஓரோஸ் அதன்பின் இரண்டு ஆண்டுகள் உயிரோடிருந்தார். வெர்னன் டுடாஷ், பதினோரு ஆண்டுகள்.