சாரை எடுத்த படம்

பாம்பைக் கண்டால் ஓடுகிறவர்கள்தான் அதிகம். நானோ ஒரு பாம்புக்காக என் மாமாவோடு கோடை விடுமுறை முழுக்கப் பேசாமல் இருந்தவள்.

ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். விருத்தாசலத்தில் எங்கள் பள்ளியில் கோடை முகாம் நடந்தது. புதுச்சேரியிலிருந்து ஒரு அண்ணன் வீடியோ கேமராவோடு வந்திருந்தார். பூச்சி, பறவை, செடி என்று நாங்கள் தேடிப் போக வேண்டும். கண்டதை நாங்களே படம் பிடிக்க வேண்டும். கடைசி நாளில் வீட்டாரை அழைத்துப் போட்டுக் காட்டுவார். எங்கள் குழுவுக்குக் கிடைத்தது பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் இருந்த குட்டை. அம்மாவின் தம்பியான மாமா அங்கேதான் ஒரு பட்டறையில் பொம்மை வார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாளே மானம் போயிற்று. பட்டனை அழுத்தாமலேயே காலை முழுவதும் ஒரு கொக்கைப் படம் பிடித்திருந்தோம். அதனால் அண்ணன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கேமரா ஓடுகிறபோது சிவப்பு விளக்கு எரியும்; அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கலெக்டர் உத்தியோகம் கிடைத்த மாதிரிதான் நடந்துகொண்டேன்.

மறுநாள் குட்டைக்கரையில் ஒரு சாரைப் பாம்பு தவளையைக் கவ்விக்கொண்டு கிடந்தது. விஷமில்லை, தள்ளி நின்று எடுங்கள் என்றார் அண்ணன். பட்டனை அழுத்தினோம். சிவப்பு எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

“படம் எடுக்குது! படம் எடுக்குது!” என்று கத்தினேன்.

பாம்பு நடமாடும் இடத்தில் அப்படிக் கத்தினால் யாருக்கும் ஒரே அர்த்தம்தான்: நல்ல பாம்பு சீறி நிற்கிறது. மாமா கழியோடு ஓடிவந்தார். “பாப்பா, அந்தாண்ட போ!” என்று என்னைத் தள்ளிவிட்டு, அண்ணன் தடுப்பதற்குள் ஒரே போடு. தவளை தத்திக்கொண்டு போய்விட்டது. சாரை அங்கேயே கிடந்தது.

“சாரை மாமா அது! நான் கேமராவத்தான் சொன்னேன்!”

மாமா கழியைக் கீழே போட்டார். “படம் எடுக்குதுன்னியே பாப்பா...” என்றார்.

அன்றிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குச்சி ஐஸ் வாங்கி வந்தார், தொடவில்லை. “இன்னும் கோவமாத்தான் இருக்குதா?” என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போவார். பாம்பைக் கொன்றவரோடு எனக்கென்ன பேச்சு என்று இருந்தேன். பாவம் மாமா.

கடைசி நாள் எங்கள் படம் ஓடியது. பட்டறைக்கும் குட்டைக்கும் நடுவில் உடைந்த பீங்கானைக் கொட்டிக் கொட்டி ஒரு மேடு எழும்பியிருந்தது. செருப்புப் போட்டவர்கள்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். திரையில் மாமா, லுங்கியை மடித்துக் கட்டியபடி, வெறுங்காலோடு அதன் மேலேயே ஏறி ஓடிவந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கட்டுப் போட்ட காலோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. செத்துப்போகப் போகிற பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.