லயத்தின் ஒரே பெண் பிள்ளை

பஞ்சாலை என்பவளுக்கு முதல் மூன்றும் ஆண் பிள்ளைகள். மூன்றும் தங்கவில்லை. நான்காவது பிறந்ததும், மலாயாவில் கோலா சாவாப் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் பெரிய மனிதர்கள் கூடி எமனை ஏமாற்றத் திட்டம் போட்டார்கள். பிள்ளைக்கு மூக்கைக் குத்தினார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை போலத் தோன்றட்டும் என்று ‘பிச்சை’ எனப் பெயர் வைத்தார்கள். பாவாடை கட்டிவிட்டு, தலைமுடியை மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். ஐந்து வயதில் திருவிழாவில் மொட்டை போட்ட பிறகுதான் அது ஆண் பிள்ளை. மூன்று பிள்ளைகளை வீடு தேடி வந்து தூக்கிக்கொண்டு போன எமன், ஒரு பாவாடையைக் கண்டதும் குழம்பித் திரும்பிவிடுவான் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

எமன் ஏமாந்தானோ என்னவோ, பிச்சை ஏமாறவில்லை. தான் பெண் பிள்ளைதான் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. பின்னாளில் லுக்குட் கடைத்தெருவில் மயிலம்மாள் என்ற பெயரில் துணி தைத்துப் பிழைத்தவள் அவள். ஆகவே நாமும் ‘அவள்’ என்றே சொல்லிவிடுவோம்.

ஐந்து வயது ஆகிறபோது ஜப்பான்காரன் வந்தான். அந்த வருஷம் திருவிழா நின்றது. மறு வருஷம், மொட்டை அடிக்கும் நாவிதர் சன்னாசியைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றினார்கள். பிச்சையின் அப்பா மாயாண்டியும் அதே லாரியில்தான் போனார். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது, துணி போய்ச் சாக்கு வந்தது. அப்பாவை நினைத்துப் பிச்சை அழுவாள். ஆனாலும் தலைமுடி மட்டும் பத்திரமாக முதுகு வரைக்கும் இறங்கியதில் அவளுக்கு ரகசியமாக ஒரு சந்தோஷம் இருந்தது.

கூலி வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் பின்னால், ரப்பர் கொட்டையைச் சோறாக வைத்துக் குடும்ப விளையாட்டு நடக்கும். அந்த வருஷம் அப்பா வேஷத்துக்கு ஆளே கிடைக்காது. ஏனென்றால் விளையாட்டு தொடங்கியதும் அப்பா சயாமுக்குப் போய்விட வேண்டும். மற்றவர்கள் சோறாக்கித் தின்று முடிக்கிறவரை மரத்துக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான்.

“பிச்ச, நீதானே ஆம்பளப் புள்ள. நீதான் அப்பா” என்பாள் கங்காணியின் மகள் செல்லம்மா.

“போடி. நான் மயிலம்மா. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு, பசியில கத்துதுங்க” என்று இவள் சிரட்டையை அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

கொஞ்ச நாளில் செல்லம்மாவால் அந்தப் பேச்சைப் பேச முடியாமல் போனது. ஜப்பான் சிப்பாய்கள் பெண் பிள்ளைகளைக் கொண்டுபோகிறார்கள் என்று பக்கத்து ஊரான ரந்தாவிலிருந்து சேதி வந்தது. வீரமுத்து கங்காணி லயத்தைக் கூட்டி உத்தரவு போட்டார்: பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் முடியை ஒட்ட வெட்டிக் கால்சட்டை மாட்டிவிட வேண்டும். ஒரே பகலில் அத்தனை பேரும் ஆண் பிள்ளைகள் ஆனார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. மானம் போயிற்று என்று யாரும் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. இது இவ்வளவு சுலபமான விஷயமா என்று பிச்சை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் முடியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அது அம்மன் சொத்து. தவிர, அவன் ஆம்பளப் பிள்ளை, அவனுக்கு என்ன ஆபத்து? ஜப்பான்காரனுக்கு மாரியம்மனையும் தெரியாது, நேர்த்திக்கடனையும் தெரியாது என்பது கங்காணியின் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

மூன்றாம் நாள் காலையில் லாரி வந்தது. எல்லாரும் வரிசையாக நின்று குனிந்தார்கள். இங்கே பெண் பிள்ளையே கிடையாது, எல்லாம் பையன்கள்தான் என்று கங்காணி தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் குழைந்தார். அதிகாரி வரிசையின் கோடியைப் பார்த்தான். அங்கே பாவாடை, பின்னல், மூக்குத்தி சகிதமாகப் பிச்சை நின்றிருந்தாள்.

“அதுவும் பையன்தான், துவான்! சத்தியமாக!”

அன்று காலையில் கங்காணி மனதார உண்மை என்று நினைத்துச் சொன்னது அது ஒன்றுதான். அதைத்தான் அதிகாரி நம்பவில்லை. குந்தி உட்கார்ந்து பிச்சையிடமே கேட்டான்.

“லெலாக்கி? பெரெம்புவான்?”

ஆணா, பெண்ணா. பிறந்ததிலிருந்து ஒருவரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. கேட்பதற்கு ஒரு பட்டாளத்துக்காரன் கடல் தாண்டி வர வேண்டியிருந்தது. கங்காணி கண்ணை உருட்டினார். பஞ்சாலை சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பையன் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் தப்பிப்பார்கள் என்று பிச்சைக்குப் புரிந்தது. ஆனாலும் வாயில் அது வரவில்லை.

“பெரெம்புவான்.”

அதிகாரி சிரித்தான். தன் இடுப்பு உயரத்துக்குக் கையைக் காட்டி, ஊரில் தனக்கும் ஒருத்தி இருக்கிறாள் என்பதுபோல் ஏதோ சொன்னான். சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டிச் சர்க்கரையை எடுத்து அவள் கையில் வைத்தான். பிறகு எழுந்து, பொய் சொன்னதற்காகக் கங்காணியின் கன்னத்தில் இரண்டு அறை விட்டான். லயத்துக் கோழிகளைப் பிடித்துப் போட்டுக்கொண்டு லாரி கிளம்பிவிட்டது.

பெண் பிள்ளைகள் எல்லாரும் தப்பித்தது சின்ன விஷயம். கங்காணியின் கன்னம் வீங்கியது பெரிய விஷயம்.

“ஏ பஞ்சால! இப்பவே அந்த மயிர வெட்டி எறி. ஆம்பளப் புள்ள தன் வாயால பொம்பளன்னு சொல்லுது, நீ கேட்டுக்கிட்டு நிக்கிறியா?”

“அம்மனுக்கு நேந்ததுண்ணே…”

“அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்லா!”

பஞ்சாலை பிள்ளையின் காதோடு கெஞ்சினாள். “பயத்துல சொல்லிட்டேன்னு சொல்லு சாமி. அவரு விட்டுருவாரு.”

“பயந்துதான் நின்னேன். பயத்துல சொல்லலம்மா. நான் அதுதானே.”

முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. அடித்தவளே அழுதாள். அழுதுகொண்டேதான் கத்தரிக்கோலை எடுத்தாள். பிச்சை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

முடிந்ததும் செல்லம்மா, தான் மாட்டியிருந்த அண்ணனின் கால்சட்டை நழுவாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். “கவலப்படாத பிச்ச. சண்ட முடிஞ்சதும் எங்களுக்கெல்லாம் திரும்ப முடி வளத்து, பூ வச்சிவிடுவாங்களாம். அப்பாதான் சொன்னாரு.”

பிச்சை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “எனக்கும்தானேம்மா?”

பஞ்சாலை தரையில் கிடந்த முடியை மஞ்சள் துணியில் அள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“ஒனக்கு இல்லடா” என்றாள்.

வெட்டும்போது அழாத பிச்சை அப்போதுதான் அழுதாள்.