பாலத்தடிக் கம்பிவலை

லூயிசாவுக்குக் கொழுப்பு என்று பேசுகிறவர்களில் ஒருவரும் அன்றைக்குப் பாலத்துக்கு அடியில் இறங்கியவர்கள் இல்லை.

லூயிசா என் மகன் ஆர்தரின் பெண்டாட்டி. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் பிறந்தவள். அவள் அப்பா தங்கச் சுரங்கம் மூடும்வரை ஷாஃப்ட் குழியில் இறங்கியவர். இவள் தினமும் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறாள். ஒருமுறை ஆபீசில் எல்லோரையும் தாண்டேலிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஆற்றில் போட் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்து, காற்றடிக்கிற ரப்பர் போட் ஒன்று வாங்கினாள். நகை கேட்டாளா, பட்டு கேட்டாளா? அது ஒன்றுதான் கேட்டாள்.

ஓட்டுவதற்கு இங்கே ஆறு ஏது? ராபர்ட்சன்பேட்டைப் பக்கத்துப் பார்க்குக்குள் ஓர் ஓடை இருக்கிறது. பெருமழையில் ஏரி நிரம்பி வழிந்தால் மட்டும் பாறைகளில் மோதி வெள்ளையாக நுரைத்து ஓடும். பார்க் ஊஞ்சலடியில் போட்டில் ஏறினால், ஒரு பாட்டு முடிவதற்குள் பாலத்தைத் தாண்டிவிடலாம். அதற்குத்தான் வருஷம் முழுக்க மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் பார்க் கமிட்டித் தலைவர் சம்பங்கி, பிளாஸ்டிக் பாட்டிலைத் தடுக்கிறேன் என்று பாலத்தடியில் கம்பிவலை கட்டினார். லூயிசா போய்க் கேட்டாள்.

"அண்ணா, தண்ணி வலைல பூந்து போயிடும், ஆள் போக முடியாது. அமுக்கிகினா எழுந்திருக்கவே முடியாது. ஊஞ்சலுக்கு மேல, மேட்டுப் பக்கமா கட்டுங்க."

"போட் வுட வூட்ல தொட்டி இல்லியாம்மா உனக்கு?" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அப்புறம், "சரி, மழைக்கு முன்னால அவுத்துடறேன்" என்றார்.

மழை வந்தது. பார்க் கேட்டிலேயே அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள். "எப்பவோ அவுத்தாச்சு, போம்மா" என்றார். தோட்டக்காரனிடம் சொன்னாராம்; அவன் செய்தானா என்று பார்க்கவில்லை. தண்ணீர் ஏறியிருந்ததால் வலை யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

பாலத்தில் நல்ல கூட்டம். நானும் ஆர்தரும் அதற்குள் நின்றோம். எல்லார் கையிலும் போன். லூயிசா பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து அழகாக வந்தாள். பாலத்தடிக்கு வந்ததும் போட் கவிழ்ந்து வலையில் ஒட்டிக்கொண்டது. இரைச்சலில் கத்தினாலும் கேட்காது, வாய்வரை தண்ணீர். துடுப்பு பிடித்த கை மட்டும் வெளியே இருந்தது. அந்தத் துடுப்பால் வலை கட்டிய இரும்புக் கம்பத்தைத் தட்டினாள். மூன்று தட்டு. நிறுத்தினாள். மறுபடி மூன்று.

சுரங்கத்தில் மண் சரிந்து மாட்டிக்கொண்டவர்கள் பைப்பை இப்படித்தான் தட்டுவார்கள். அவள் அப்பா சொல்லிக்கொடுத்தது. கூட்டமோ விளையாடுகிறாள் என்று நினைத்து விசிலடித்தது! சுரங்கக்காரர்கள் பெற்ற பிள்ளைகள், விசிலடித்தார்கள்.

"டேய் ஆர்தரு, மாட்டிகினாடா, எறங்குடா!" என்று கத்திவிட்டு, குடைக்காம்பால் பாலத்துக் கம்பியில் மூன்று தட்டினேன். பதில் தட்டு கேட்டால்தான் உள்ளே இருப்பவனுக்கு உயிர் தங்கும். ஆர்தர் குதித்து அவளைச் சட்டையோடு பிடித்துக் கரைக்கு இழுத்தான்; போட்டையும் பிடுங்கிக் கொண்டுவந்தான்.

கரையில் தோள் கிழிந்து ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தாள். சம்பங்கி வந்தார். வலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இதுக்குத்தாம்மா சொல்றது. போட்டைக் குடு. இனிமே பார்க்குல இதெல்லாம் கெடையாது."

லூயிசா எழுந்து போய்ப் போட்டுக்குள் உட்கார்ந்துகொண்டாள். "வலைய எடுங்க. போட்டைக் குடுக்கறேன்."

"இன்னா, மெரட்றியா?"

நானும் ஏறி அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன். "தூக்குய்யா பாக்கலாம், ரெண்டு பேரையும்" என்றேன். அத்தனை போனும் இப்போது அவர் பக்கம் திரும்பின. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டக்காரனோடு இறங்கி, கட்டுகளை அறுத்து, வலையை வெளியே இழுத்துப் போட்டார்.

லூயிசா சொன்னபடி போட்டைக் கொடுத்துவிட்டாள். எனக்கு வந்த கோபம்!

"ஏண்டி குடுத்த? அந்தாளு வாக்கு காப்பாத்தினானா?"

"அங்க பாருங்க, அத்தே" என்றாள். ஊஞ்சலடியில் நான்கு பையன்கள் லாரி டியூபோடு தண்ணீருக்குள் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். "வலை இருந்தா அதுங்க கதி?"

போட் இப்போது பார்க் கொட்டகையில், துடைப்பத்தோடு கிடக்கிறது. தினமும் போய்ச் சம்பங்கியிடம் போட்டைக் கேட்கிறேன். நாளைக்கு வாங்க என்கிறார். நாளைக்கும் போவேன்.